அலுமாரிக்குள் இருக்கும் காசு செல்லாமல் போகுமா?

மட்டக்களப்புக் குருமண்வெளியில், வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகப் பாதை (மிதவைப் படகு) ஏறுகிற துறைக்குக் கிட்டச் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி கேட்கிறார்: "கட்டாரில் இருக்கிற மகன், இன்னும் பத்து வருடத்தில் தாள்காசே இருக்காது, எல்லாம் போன்தான் என்கிறான். கடையில் கியூஆர் போடச் சொல்லி நிற்கிறான். மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்த நாலரை இலட்சம் அலுமாரிக்குள் கிடக்கிறது. அது செல்லாமல் போய்விடுமா? கடையில் காசு வாங்குவதை நிறுத்தத்தான் வேண்டுமா?"

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். பத்து வருடத்தில் இலங்கையில் தாள்காசு ஒழியாது. 2025 ஆகஸ்டில்தான் மத்திய வங்கி தன்னுடைய 75 ஆவது ஆண்டு நிறைவுக்காக 2000 ரூபாய்த் தாளொன்றைப் புதிதாக வெளியிட்டது. மூடப்போகிற கடைக்கு யார் புதுப் பலகை மாட்டுவார்கள்? ஆனால் மகன் சொல்வதும் முழுப் பிழையில்லை. காசை எண்ணிக் கொடுத்து வாங்குகிற பழக்கம் குறைந்துகொண்டுதான் போகிறது, அரசாங்கமே 2025 பெப்ரவரியில் கவ்பே என்று ஒன்றைத் தொடங்கி அரச கட்டணங்களைப் போனில் கட்ட வைத்துவிட்டது.

இதில் பலர் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. காசைச் செலவழிப்பது குறைவது வேறு, காசை வைத்திருப்பது குறைவது வேறு. இந்தியாவைப் பாருங்கள். 2016 நவம்பரில் ஒரே இரவில் 500, 1000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்றார்கள், அதே வருடம் போனில் காசு அனுப்புகிற யூபிஐ முறையும் வந்தது, இன்றைக்கு அங்கே இளநீர்க்காரர்கூடப் போனில்தான் வாங்குகிறார். ஆனாலும் மக்கள் கையில் புழங்குகிற தாள்காசின் மொத்தத் தொகை அன்றிருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுவீடனில் கடைக்காரர் காசைக் கண்டாலே முகம் சுளிக்கிற நிலைமை. அந்த நாட்டு அரசாங்கமே 2024 இல் வீடு வீடாக அனுப்பிய அவசரகாலக் கையேட்டில், கையில் கொஞ்சம் காசு வைத்திருங்கள் என்று எழுதியது.

அதை நமக்குச் சுவீடன்காரர் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனது, நவம்பர் கடைசியில் புயலும் வெள்ளமும் வந்தது. கரண்டும் சிக்னலும் இல்லாத நேரத்தில் வங்கியில் எத்தனை இலட்சம் கிடந்தாலும் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியாது. அதோடு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்த அன்று பின்னேரம் கூலிக்காரருக்குக் காசுதான் வேண்டும், வாங்கின கையோடு உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு யாருக்கு வியாபாரம் செய்யப் போகிறீர்கள்? (உங்கள் வியாபாரத்தில் பாதி காசுமில்லை போனுமில்லை, கடன் கொப்பிதான் என்பது எனக்குத் தெரியும். அதை எந்தக் கியூஆரும் அசைக்காது.)

அதனால் காசையும் வாங்குங்கள், கியூஆரையும் போடுங்கள். உங்கள் வங்கிக் கிளையிலேயே லங்கா கியூஆர் கேட்கலாம். கொடுப்பனவில் கழிவு எடுப்பார்களா, எடுத்தால் எவ்வளவு, காசு எப்போது கணக்கில் விழும் என்பதைக் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள்.

ஏமாற்று எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டமான நேரம் பார்த்து ஒரு தம்பி வருவார், இரண்டு பால்மா, ஒரு மீன் டின், போனை ஸ்டிக்கருக்கு நேரே பிடிப்பார், பச்சை நிறச் "சரி" அடையாளத்தை உங்களுக்குக் காட்டிவிட்டுப் பையைத் தூக்குவார். அது நேற்று எடுத்த படமாகவும் இருக்கலாம். அவருடைய போனைப் பார்க்காதீர்கள், உங்களுடைய போனுக்கு எஸ்எம்எஸ் வரும்வரை பை மேசையிலேயே இருக்கட்டும். கடை திறக்கும்போது ஸ்டிக்கரை விரலால் ஒருக்கால் தடவிப் பாருங்கள், மேலே வேறொருவருடைய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. மறுகா, உங்களுக்குக் காசு வருவதற்கு ஓடிபி (வங்கி போனுக்கு அனுப்புகிற இரகசிய இலக்கம்) தேவையே இல்லை. யாராவது கேட்டால் போனை வையுங்கள்.

இனி அலுமாரி. உண்மையைச் சொன்னால், கேள்வியைப் படித்ததும் எனக்குக் கியூஆரை விட இதுதான் கவலையாக இருந்தது. தாள் செல்லாமல் போன கதை நம் நாட்டிலும் உண்டு: 1970 இல் என். எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்தபோது 50, 100 ரூபாய்த் தாள்களைச் செல்லாதாக்கினார், பதுக்கி வைத்தவர்கள் வங்கிக்கு ஓடினார்கள். ஆனால் உங்கள் காசைத் தின்றது வேறொன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி ஒரு வருடத்துக்குள் விலைவாசி 70 வீதமளவு ஏறியிருந்தது. அப்படியென்றால் அதற்கு முந்திய வருடம் அலுமாரியில் வைத்த ஆயிரம் ரூபாய், எடுக்கும்போது பழைய விலைக்கு 590 ரூபாய்ச் சாமானைக்கூட வாங்கவில்லை. தாள் புதுசாகத்தான் இருந்தது. அதற்கு மேல் கறையான், வெள்ளம், கள்ளன். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாமி ஈரத் தாள்களை ஓலைப்பாயில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துவிட்டது.

வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கிழமைச் செலவுக்குக் காணும் காசை மட்டும் கையில் வையுங்கள், அதிலும் 100, 500 தாளாக. 5000 ரூபாயை மாற்றித்தர அவசர நேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மற்றதை, கலியாணத் திகதியைக் கணக்குப் பார்த்து நிலையான வைப்பில் போடுங்கள். வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, உங்களுடையது அதற்குள் அடங்கும்.

காசைக் களுவாஞ்சிகுடி வங்கிக்குக் கொண்டுபோகும்போது அடையாள அட்டையை மறக்க வேண்டாம், கடைக் கணக்குக் கொப்பியையும் எடுத்துப் போங்கள், காசு எங்கிருந்து வந்தது என்று கவுண்டரில் கேட்டால் விரித்துக் காட்டலாம். பஸ்ஸில் தனியாகப் போகாதீர்கள்.