கண்ணாடி எங்கே இருந்தது?

கேள்வி: எனக்கு வயது 61. கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சீமாட்டிகளும் விதவைகளும் கொலைகளைத் துப்புத் துலக்கும் கதைகளை விரும்பிப் படிக்கிறேன். “இந்த வயதில் சுந்தர காண்டம் படிக்காமல் கொலைக் கதையா?” என்று மருமகள் முகம் சுளிக்கிறாள், மகனும் ஆமோதிக்கிறான். ஆனால் வீட்டுக் கடமையில் நான் குறை வைத்ததே இல்லை. போன மாதம் மகன் மூன்று தாள்களைக் கொண்டுவந்தபோதுகூட, கண்ணாடி கதைப் புத்தகத்தின் மேல் இருந்தது. அதை எடுக்கவும் நேரம் கடத்தாமல், ரசத்தை இறக்கிவைத்துவிட்டு, அவன் காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் கட்டிய வீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். உயில் எதுவும் இல்லை. மகள் திருச்சியில் இருக்கிறாள். ஏதாவது கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று அவன் வருந்துவான் என்பதால் நான் கேட்பதில்லை. இந்தக் கதைகளைப் படிப்பது தவறா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, படிப்பது தவறா என்ற கேள்வியை மாமியார்களும் மருமகள்களும் மாறி மாறி எனக்கு எழுதிவருகிறார்கள். வேலை முடிந்தபின் ஒரு பெண் எதைப் படிக்கிறாள் என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சு இத்துடன் போதும். நான் கேட்க விரும்புவது அந்தக் கண்ணாடியைப் பற்றி.

இங்கிலாந்தில் யாரோ ஒரு பிரபுவை யார் கொன்றார்கள் என்று அறிய அதை மாட்டிக்கொண்ட நீங்கள், உங்கள் பெயரை உங்கள் கையால் எழுதிக்கொடுக்கும்போது அதைத் தேடவில்லை. அதையே கடமை தவறாததற்குச் சான்றாகவும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடமை என்று நான் ஏற்க மாட்டேன்.

அந்தக் கதைகளில் துப்புத் துலக்குபவள் ஏன் அடிக்கடி விதவையாகவே இருக்கிறாள் என்று என்றைக்காவது யோசித்தீர்களா? லண்டன் பெருநகரக் காவல்துறையில் துப்பறியும் பிரிவு 1842-இல் தொடங்கியது. அதில் பெண்களுக்கு இடமில்லை. பெண் துப்பறிவாளரே கதை சொல்வதாக அமைந்த நூல்கள் 1864-இலேயே அங்கு வெளிவந்துவிட்டன என்றாலும், அது எழுத்தாளரின் கற்பனையாகத்தான் இருந்தது. மணமாகாத நல்ல குடும்பத்துப் பெண் துணையில்லாமல் வெளியே போக முடியாது. மணமானவளோ சட்டத்தின் கண்ணில் தனி ஆளே இல்லை: அவள் கொண்டுவந்த பணமும் நகையும் ஈட்டிய கூலியும் கணவனுடையவை, அவள் பெயரிலிருந்த நிலத்தின் வாடகையை வாங்குவதும் அவனே. 1870-இல் வந்த சட்டம் அவள் கூலியை அவளுக்கே ஆக்கியது. 1882-இன் சட்டம்தான், அது நடைமுறைக்கு வந்த 1883 சனவரி முதல், மனைவி தன் பெயரில் சொத்தை வைத்துக்கொள்ளவும் விற்கவும் வழி செய்தது. அதற்கு முன்பு கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் பேனாவால் சம்பாதித்த பணத்தையே, அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவர் தனக்குச் சட்டப்படி உரியது என்று உரிமை கொண்டாடினார். அந்த நாட்டில், அந்த நாளில், விதவை மட்டும் தனித்து நின்றாள். ஓராண்டுக்கும் மேலாகக் கிரேப் துணி வைத்துத் தைத்த கறுப்பு உடையில் முடங்கிக் கிடந்தாலும், அவள் வீட்டை வாடகைக்கு எடுக்கலாம், வழக்கறிஞரை அமர்த்தலாம், ஒப்பந்தம் செய்யலாம். கணவனை இழந்த துயரத்தோடு அவளுக்கு வந்து சேர்ந்தது அவளுடைய சொந்தக் கையெழுத்து. உங்கள் கதாநாயகி துணிந்து கதவைத் தட்டுவதெல்லாம் அந்த உரிமையின் பலத்தில்தான். நீங்கள் அதை அடுப்படியில் நின்றபடி கொடுத்துவிட்டீர்கள்.

கையெழுத்து என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரியாததில்லை. 1851-இல் இங்கிலாந்தில் ஆர்சனிக் விற்பனைக்கென்று ஒரு சட்டம் வந்தது. வெள்ளைப் பொடியான அந்தப் பாஷாணத்தை மாவென்றும் சர்க்கரையென்றும் எண்ணி யாரும் ஏமாறாதபடி, சில்லறையாக விற்கும்போது புகைக்கரியோ அவுரி நீலமோ கலக்க வேண்டும். தேதி, பெயர், முகவரி, அளவு, எதற்காக வாங்குகிறார் என்பது எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்துப் பெற வேண்டும். எலிக்கென்று வாங்கினேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட அந்த ஒரு வரியைக் கதாநாயகி விரலால் தடவிப் பார்க்கும் இடத்தை நீங்கள் எத்தனை இரவு விழித்திருந்து படித்திருப்பீர்கள்! அவசரத்தில் போட்டேன், படிக்காமல் போட்டேன் என்று அந்தப் பதிவேட்டின் முன் நின்று யாராவது சொன்னால், அவரை நீங்களே நம்பியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மகன் மோசம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டால் வருந்துவான் என்கிறீர்களே, அதைத்தான் நான் கண்டிக்கிறேன். 1860-இல் வில்ட்ஷயரில் ரோடு ஹில் என்ற வீட்டில் மூன்று வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. லண்டனிலிருந்து வந்த விச்சர் என்ற துப்பறியும் அதிகாரி, குழந்தையுடைய தகப்பனின் முதல் மனைவிக்குப் பிறந்த அக்காள் கான்ஸ்டன்ஸ் கென்ட்டின் இரவு உடை ஒன்று குறைவதை அவளுடைய துணிகளின் பட்டியலிலிருந்து பிடித்தார். கண்ணியமான குடும்பத்தின் அந்தரங்கத் துணிகளைக் கிளறுவதா என்று ஊரும் பத்திரிகைகளும் அவர்மேல் பாய்ந்தன. அந்தப் பெண் விடுவிக்கப்பட்டாள். 1865-இல் அவளே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் ஒரு பாவமும் அறியாத தாதிப் பெண்ணையும், பெற்ற தகப்பனையும்கூட ஊர் சந்தேகித்தது. கேள்வி கேட்பது அவமரியாதை என்று ஒரு வீடு முடிவு செய்தால், குற்றமில்லாதவர்கள்தான் அந்த நிழலில் நிற்க நேரும்.

நாளைக்கு உங்கள் மகள் திருச்சியிலிருந்து வந்து, “என்ன தாளில் கையெழுத்துப் போட்டாய், அம்மா?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? தெரியாது என்பீர்கள். அந்த ஒரு சொல்லில், எந்தத் தவறும் செய்திராத மகன்மீது தங்கையின் மனத்தில் சந்தேகம் விழுந்துவிடும். அண்ணன் தங்கை பேசாமல் போன வீடுகளின் கடிதங்கள் என் மேசையில் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை தாய் படிக்காமல் போட்ட கையெழுத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் உண்மை தெரிந்தவளாக இருப்பது தாயின் பொறுப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை மகனிடம் ஒப்படைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

உயில் எழுதாமல் கணவர் இறந்தால், விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிள்ளைகளுள்ள விதவைக்கு அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். நிலமும் வீடும் மூத்த மகனுக்குப் போகும். இங்கே 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உங்கள் மாமியார் உயிரோடு இல்லையென்றால், உங்கள் கணவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டிலும் வங்கிப் பணத்திலும் நீங்கள், மகன், மகள் மூவருக்கும் சமபங்கு உண்டு. உங்கள் பங்கு முழுக்க உங்களுடையது. வீட்டுப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்கள் நேரில் போயிருக்க வேண்டும். அப்படிப் போகவில்லை என்றால் அந்தக் கவலை வேண்டாம். ஆனால் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தை வீட்டில் இருந்தபடியே வாங்கிவிடலாம். பட்டா மாறுதல் மனுவாகவும் இருக்கலாம், வங்கிக்கான சாதாரணப் படிவமாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகன் காபி குடிக்கும் நேரத்தில், “போன மாதம் நான் கையெழுத்துப் போட்ட மூன்று தாளின் நகலையும் கொண்டு வா, தம்பி, படிக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். குரலில் தயக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அவர் தாள்களைத் தேடி எடுத்துவரும்வரை காத்திருங்கள். அடுப்பில் எதையும் வைக்காதீர்கள். கண்ணாடியை முதலிலேயே மாட்டிக்கொண்டு, முதல் தாளை முதல் வரியிலிருந்து படியுங்கள். மகளுக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லும்போது மகனும் பக்கத்தில் இருக்கட்டும்.