யாருப்பா இந்த நான்?

அன்புள்ள அண்ணா,

மாம்பழ மண்டி ஒன்றின் ரசீதுகள் எக்ஸ்எம்எல்லில், அதாவது ஒவ்வொரு தகவலும் பெயர் எழுதிய ஒரு டேக்குக்குள் இருக்கும் ஃபைலாக வருகின்றன. பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்ற நூலகம் வைத்துப் படிக்கிறேன். எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் கேட்டால் ஒருசமயம் லிஸ்ட் வருகிறது, ஒருசமயம் 3.0 என்று எண், ஒருசமயம் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச்சரம். ஒவ்வொன்றுக்கும் இஃப் எழுதிக் களைத்துவிட்டேன். எது வந்தாலும் ஸ்ட்ரிங்காக மாற்றி, பிழை வந்தால், பிழையைப் பிடிக்கும் டிரை-எக்செப்டில் விழுங்கிவிட்டால் போதாதா? எக்ஸ்பாத் 2.0க்குப் போனால் தீருமா? எக்ஸ்எம்எல்லே செத்துப்போன சங்கதி என்கிறார்களே?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

செத்துப்போனதென்றால் மண்டியில் நீங்கள் தினமும் படிப்பது என்ன? அதை விடுங்கள். 2.0வும் வேண்டாம். எல்எக்ஸ்எம்எல்லுக்குத் தெரிந்தது 1999இல் வந்த 1.0 மட்டும்தான்.

அதில் விடை நாலே வகை: நோட்-செட் (பொருந்திய டேக்குகள் போன்றவற்றின் தொகுப்பு, பைத்தானில் லிஸ்ட்), எண், ஸ்ட்ரிங், ஆம்-இல்லை. எது வரும் என்பது நீங்கள் கேட்கும் விதத்தில் இருக்கிறது, தரவில் இல்லை. '//சுமை' என்று கேட்டால் ஒன்று இருந்தாலும் லிஸ்ட், ஒன்றுமே இல்லாவிட்டாலும் காலி லிஸ்ட். எத்தனை என்று சொல்லும் 'கவுண்ட்' கேட்டால் எண், எக்ஸ்பாத் 1.0இல் முழு எண் என்று தனி வகை கிடையாது, அதனால்தான் உங்கள் 3.0. வகைக்கொரு ஃபங்ஷன் எழுதிவைத்து, கேட்கும்போதே எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிரவுசரில் எக்ஸ்பாத்தை இயக்கும் எவேலுவேட்டுக்கு அந்த முடிவையே ஒரு எண்ணாகக் கொடுக்கிறோம்: 1 என்றால் எண், 2 ஸ்ட்ரிங், 3 ஆம்-இல்லை. 0 போட்டு 'எதையாவது கொடு' என்பவர்களும் உண்டு. நீங்கள் அந்தக் கட்சி.

எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக்குவதா? காலி லிஸ்ட்டைப் பைத்தானில் ஸ்ட்ரிங்காக்கிப் பாருங்கள். இரண்டு சதுர அடைப்புக்குறி வரும். இஃப் அதைப் பார்த்து 'இருக்கு' என்று சாதிக்கும்.

விழுங்குவேன் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நானும் விழுங்கியவன்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு ரசீது மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். சீசன் நேரம், தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வாசல் தாண்டி ரோடு வரை. எடைமேடையிலிருந்து வரும் ஃபைலில் ஒவ்வொரு சுமைக்கும் 'எடை' என்று ஒரு டேக். நான் எல்லாவற்றையும் எக்ஸ்பாத்தின் 'சம்' போட்டுக் கூட்டினேன். ஒரு ராத்திரி கரண்ட் போய், ஒரு சுமைக்கு மட்டும் டேக் காலியாக விழுந்துவிட்டது. காலி எண்ணாக மாறாது. அப்படி ஒன்று இருந்தால் மொத்தக் கூட்டுமே 'எண் அல்ல' ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. உங்கள் டிரை-எக்செப்ட் அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ரசீதில் எடை வரவேண்டிய இடத்தில் அந்த 'எண் அல்ல'வின் ஆங்கிலச் சுருக்கம், என், ஏ, என் என்று மூன்று எழுத்து. கணக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்: "நான்னு போட்டிருக்கு. யாருப்பா இந்த நான்?"

சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, காலியாக இருந்தால் பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்து ரசீதை மறுபடி அடித்துக் கொடுத்தேன். இதுதான் நான் செய்த பாவம். காவேரிப்பட்டணத்துப் பெரியவர் ஒருவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நாலு நடை ஓட்டியிருக்கேன். மூணாவது நடைக்குப் பூஜ்யம்னா, வண்டியை வெறுமனேவா ஓட்டிட்டு வந்தேன்?" என்றார். காய் அதற்குள் கூழாகிவிட்டது. மறுபடி எடை போட ஒன்றுமில்லை. மற்ற மூன்று நடையின் சராசரியைப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார், என்னைப் பார்க்கவில்லை.

எடை டேக்கே இல்லாதது ஒன்று, டேக் இருந்து காலியாக இருப்பது ஒன்று, உள்ளே 0 என்று இருப்பது ஒன்று. மூன்றும் வேறு வேறு. எக்ஸ்பாத்தின் 'ஸ்ட்ரிங்' முதல் இரண்டுக்கும் ஒரே வெற்று ஸ்ட்ரிங்கைத்தான் தரும். நாலு எடை இருந்தாலும் முதலாவதை மட்டும் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். 'பூலியன்' இன்னும் மோசம்: டேக் இருந்தாலே ஆம், உள்ளே 0 இருந்தாலும் ஆம், காலியாக இருந்தாலும் ஆம். அதனால் முதலில் லிஸ்ட்டாக வாங்குங்கள். எத்தனை என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். காலி என்றால் ரசீது அடிக்காமல் நிறுத்துங்கள், ஆளைக் கூப்பிடுங்கள். அன்று ராத்திரியே நான் அப்படி மாற்றினேன். கணக்கர் ஒரு வாரம் திட்டினார்.

சரி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மண்டியின் பழைய ஃபைல்களில் எடை காலியாக உள்ள சுமைகள் எத்தனை என்று கவுண்ட் போட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள். விடை தசமப் புள்ளியோடுதான் வரும். அதற்கும் ஒரு இஃப் எழுதிவிடாதீர்கள்.