விளக்கேற்றும்போது தோழியின் முகம்

கேள்வி: எனக்கு 71 வயது. நாகப்பட்டினத்தில் பிறந்து, அங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு ஆறு வருடமாகச் சென்னையில் மகனோடு இருக்கிறேன். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த நாகூர்த் தோழி போன மாசியில் இறந்துவிட்டாள். 58 வருட சிநேகம். அன்றிலிருந்து எந்நேரமும் பழைய நினைவுதான். பேச ஆரம்பித்தால், "இதை எத்தனை தடவைம்மா சொல்லுவீங்க?" என்கிறான் மகன். சாயங்காலம் விளக்கேற்றிக் கண்ணை மூடினால் அம்பாளுக்கு முன்னால் அவள் முகம் வந்து நிற்கிறது. இது தப்பா? பழசிலேயே கிடப்பது ஏதாவது வியாதியா? அவள் மகள் இரண்டு முறை போன் செய்தாள். எடுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அன்புள்ள அக்கா, எட்டுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் நான் மூன்று முறை படித்தேன். ரம்ஜான் மாதத்தில் அவர்கள் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும் தூக்குவாளி, அதை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்று ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுக்கும் உங்கள் அம்மா, கந்தூரியின்போது நாகையிலிருந்து நாகூருக்குப் போகும் சந்தனக்கூட்டைப் பார்க்க நீங்கள் இருவரும் தூக்கம் விழித்த ராத்திரி. இதையெல்லாம் எழுதிவிட்டு "வியாதியா" என்று கேட்கிறீர்களே!

வியாதி இல்லை, அக்கா. வயதானவர்கள் பழசைப் பேசினால் புத்தி தளர்ந்துவிட்டது என்று மருத்துவர்களே நினைத்த காலம் உண்டு. 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது முதுமையில் இயல்பாக நடக்கிற ஒன்று, மனசு அப்படித்தான் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அப்புறம், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக ஞாபகத்துக்கு வரும் என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். உங்கள் தோழி அந்த வயதில் வந்து சேர்ந்தவர். எதை நினைத்தாலும் அவர் வருவதில் என்ன ஆச்சரியம்?

காலையில் சாப்பிட்டதே மறந்துபோகிறது, பழகிய தெருவில் வழி தவறுகிறது, வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் இல்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். பேச்சுத் துணைக்கும் ஆலோசனைக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஞாபகத்துக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். நீலாயதாட்சி அம்மன் கோவில் ஆடிப்பூரத்துக்கு ஒவ்வொரு வருடமும் அவர்தான் உங்களோடு வளையல் கடைக்கு வந்து, கலர் பொறுக்கி, பேரம் பேசி வாங்கிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அம்பாளுக்கு அந்த முகம் புதிதா என்ன? உங்கள் ஊரில் பக்தி என்றைக்குமே ஒரு வாசலோடு நின்றதில்லை. நாகூர் தர்காவில் 131 அடி உயரத்துக்கு நிற்கும் மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கே வந்து முடியிறக்கி நேர்த்திக்கடன் செலுத்தும் இந்துக் குடும்பங்களை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாதபோது உங்கள் தோழி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டார். நீங்கள் அவருடைய பிரசவத்துக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டீர்கள். இப்படி ஒருவருக்காக ஒருவர் வேண்டிக்கொண்ட பிறகு, கும்பிடும் நேரத்தில் முகம் வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வரட்டும். பெயர் சொல்லியே வேண்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு வருத்தம். அந்தப் பெண்ணின் போனை எடுக்காமல் விட்டீர்களே.

என் அம்மா இறந்த பதினாறாம் நாள், அவருடைய பள்ளித் தோழி ஒருவர் வந்தார். நான் அதுவரை பார்த்ததே இல்லை. என் அம்மா பன்னிரண்டு வயதில் மாமரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுததையும், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோலமாகப் போட்டு அடி வாங்கியதையும் சொன்னார். எனக்கு அம்மாவை அம்மாவாகத்தான் தெரியும், அந்தச் சிறுமியை அன்றுதான் பார்த்தேன். இன்னும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், ஒரு வருடத்தில் அவரும் போய்விட்டார். அவர் குரலைக்கூடப் பதிவு செய்து வைக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

"டீச்சர் பெரியம்மா" என்று உங்களைக் கூப்பிடும் அந்தப் பெண் இப்போது அந்த இடத்தில் இருக்கிறாள். அவளுடைய அம்மாவைப் பதின்மூன்று வயதில் பார்த்தவர் இன்று நீங்கள் ஒருவர்தான் மிச்சம். உங்கள் மகன் போதும் என்று சொல்லும் கதைகளுக்கு அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கே கூப்பிடுங்கள். அழுகை வந்தால் இரண்டு பேரும் அழுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி, கடல் வந்துபோன அன்று, தோழியின் கணவர் டி.வி.எஸ். 50இல் உங்களைத் தேடி வந்து குடும்பத்தோடு கூட்டிப்போனதை எழுதியிருந்தீர்களே, அந்தப் பதினொரு நாள் அவர்கள் வீட்டில் யார் எங்கே படுத்தீர்கள், யார் சமைத்தார்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் உங்களுடையது. அந்த நாட்களின் கதை உங்களோடு போய்விடக்கூடாது.

மகன்மேல் கோபம் வேண்டாம். அவருக்கு முழுக் கதையாகச் சொல்லாமல், பழைய போட்டோவையோ அந்தத் தூக்குவாளியையோ எடுத்து வைத்து ஆரம்பித்துப் பாருங்கள். பேரனிடம் போனைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். போட்டோக்களின் பின்னால் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள்.

முடிந்தால் வரும் கந்தூரிக்கு நாகூர் போய் வாருங்கள். பிறைக் கணக்கு என்பதால் தேதி வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து காரைக்கால் போகும் இரவு ரயில் நாகூரில் நிற்கிறது. மகனையும் கூட்டிப்போங்கள். அவருடைய காய்ச்சலுக்காக ஒருத்தி எங்கே நின்று வேண்டிக்கொண்டாள் என்று அவர் பார்க்கட்டும். போகும்போது தூக்குவாளியை மறக்காதீர்கள், அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டு.