வேலைக்குப் போய்க்கொண்டே கதை எழுதுவது: கேள்வி பதில்

நினைத்ததைவிட அதிகமாகக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பகலில் சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். அந்தத் தகுதியில்தான் பதில். இலக்கியக் கோட்பாடு எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி (தாதி ஒருவர், உட்லண்ட்ஸ்): அக்கா, தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதினால்தான் எழுத்து வளரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறது. எப்படி முடியும்?

முடியாதும்மா. அது அலுவலக நேரம் ஒழுங்காக இருப்பவர்களுக்கான அறிவுரை. எனக்குச் சரிப்படுகிறது, காரணம் பிள்ளையின் பள்ளிப் பேருந்து விடியும் முன்பே வந்துவிடும். அது போனதிலிருந்து நான் எம்ஆர்டி ரயிலுக்குக் கிளம்பும்வரை வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்தில் புதிதாக எழுதுவது மட்டும்தான். திருத்த மாட்டேன். திருத்தமெல்லாம் ராத்திரி, சமையலறை துடைத்து முடித்த பிறகு. களைப்பாக இருக்கும்போது சொந்த வாக்கியத்தின் மேல் பாசம் குறைந்துவிடுகிறது, கூசாமல் வெட்ட முடிகிறது.

நீங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு வேலையைப் பிரித்துப் பாருங்கள். எழுதுவது என்று நாம் சொல்வது ஒரு வேலை இல்லை. கேட்டதைக் குறித்துவைப்பது, காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, முதல் படி எழுதுவது, வெட்டுவது, ஒற்றுப்பிழை பார்ப்பது எல்லாம் தனித்தனி. இரவு ஷிப்ட் முடிந்து பேருந்தில் தூங்கி வழியும்போது முதல் படி வராது. ஆனால் விடியற்காலையில் வார்டில் ஒரு பாட்டி மகனிடம் தொலைபேசியில் பேசிய இரண்டு வரியைக் குறித்துக்கொள்ளலாம். பெயர், படுக்கை எண், நோய் எதுவும் குறிப்பில் வரக்கூடாது, வேலைக்கே உலை வைத்துவிடும். முதல் படிக்கு ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் போதும். குறிப்பு கையில் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

கேள்வி (தேசிய சேவையில் இருப்பவர்): கைப்பேசியில் கதை எழுதலாமா? கையால் எழுதினால்தான் நல்ல நடை வரும் என்கிறார் என் பழைய தமிழாசிரியர்.

தாராளமாக எழுதுங்கள் தம்பி. தமிழ்99 விசைமுறையைப் பழகிக்கொண்டால் வேகமாக வரும். ஆசிரியரிடம் நா. கோவிந்தசாமியை நினைவுபடுத்துங்கள். அவரும் ஆசிரியர்தான், இந்த ஊரின் முக்கியமான சிறுகதைக்காரர். கணினியில் தமிழ் எழுத உதவும் கணியன் மென்பொருளைச் செய்தவரும் அவரே, 1995இல் இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவரும் அவரே.

கேள்வி (பொறியாளர், செங்காங்): தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவன். இங்கு வந்து பல வருடம் ஆகிறது. என் கதைகள் "சிங்கப்பூர்க் கதை இல்லை" என்கிறார்கள். மெரினா பேயில் நடப்பதாக மாற்றி எழுதியும் அதையே சொல்கிறார்கள். என்ன செய்ய?

இந்தக் கேள்விக்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வந்த கேள்விகளில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன.

முதலில், தஞ்சாவூரை விடச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கதை சிங்கப்பூரில் நடக்கிறது என்று எழுதிவிட்டால், மெர்லயன் சிலை, மெரினா பே, தேக்கா என்று பெயர்ப்பலகை நட்டால் போதாது. இடத்தை அழித்துவிட்டு 'சென்னை' என்று போட்டாலும் கதை அப்படியே நிற்குமானால், அது இந்த ஊர்க் கதை இல்லை. என் சோதனை இதுதான்: இந்த ஊர் இயங்குகிற விதம் உங்கள் பாத்திரத்தின் வாழ்க்கையில் குறுக்கே வந்து விழுகிறதா?

உதாரணத்துக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை எடுத்துக்கொள்வோம். 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் ஒவ்வோர் இனத்தாரும் எவ்வளவு வீடு வைத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு. ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டது, அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்கள் குறைந்துபோவார்கள், விலை இறங்கும், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். எல்லா இனமும் கலந்து வாழ வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி அது. அதன் பலனை அனுபவித்து வளர்ந்த ஒரு பெரியவர், ஓய்வுக்காலத்தில் அதே விதியால் விலை குறைத்து விற்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுச் சீன நண்பரின் மகனுக்கே அந்த வீடு வேண்டும், பணமும் தயார், ஆனால் கொடுக்க முடியாது. இரண்டு குடும்பமும் நாற்பது வருடம் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்டவர்கள். இனி தாழ்வாரத்தில் நின்று என்ன பேசிக்கொள்வார்கள்? இதில் கெட்டவன் யாரும் இல்லை, அழுகைக் காட்சியும் வேண்டியதில்லை. இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போய் வேறெந்த ஊரிலும் வைக்க முடியாது.

இன்னொன்று: பழைய புளோக்குகளில் மின்தூக்கி முன்பு எல்லா மாடியிலும் நின்றதில்லை. 2001இல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் படிப்படியாக மாடிதோறும் நிற்க ஆரம்பித்தது. 1990இல் நடக்கும் கதையில் முட்டிவலிக்காரப் பாட்டியை மின்தூக்கியில் நேராக வாசலில் கொண்டுவந்து இறக்கினால், அந்த வீட்டில் வாழ்ந்த வாசகர் அந்த வரியிலேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். அதே பாட்டி பசார் பையோடு இரண்டு மாடி ஏறி, நடுவில் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் யாரைச் சந்திக்கிறார் என்று யோசித்தால் உங்களுக்குக் காட்சி கிடைத்துவிடும்.

எழுத்தில் வளர்ச்சி என்று நான் நினைப்பது பெரும்பாலும் இதுதான். வர்ணனை கூடுவதில்லை. ஒரு விதி, ஒரு படிவம், ஒரு வரிசை, ஒரு நேர அட்டவணை மனிதரை என்ன செய்கிறது என்று பார்க்கக் கண் பழகுவது. இந்த ஊரில் விதிகளுக்கா பஞ்சம்!

கேள்வி (பெயர் சொல்லவில்லை): என் கதையின் தொடக்கத்தை இணைத்திருக்கிறேன். எல்லாருக்கும் பயன்படும் என்றால் இங்கேயே திருத்திக் காட்டலாம்.

நன்றி, துணிச்சலான ஆள்தான். அவர் அனுப்பியது இது:

"கதிரவன் தன் பொற்கரங்களைப் பொங்கோல் அடுக்குமாடிகள் மீது விரித்தான். அன்று சனிக்கிழமை. சரவணன் சோம்பலுடன் எழுந்தான். அவன் மனம் கனத்திருந்தது. அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அம்மாவின் பயண அட்டையில் இன்னும் ஆறு வெள்ளி இருந்தது."

கடைசி வாக்கியம்தான் கதை. அதற்கு முன்னால் இருப்பது தொண்டையைச் செருமிக்கொள்வது. முதல் நான்கு வாக்கியமும் போகட்டும். "அம்மா இறந்து" என்பதையும் உடனே சொல்ல அவசரம் வேண்டாம், அட்டையில் பணம் இருக்கிறது என்று தொடங்கினால் வாசகர் தாமாகவே கண்டுபிடிப்பார்.

அடுத்தது முக்கியம். அட்டையை வைத்துக்கொண்டு சரவணன் என்ன செய்கிறான்? நீங்கள் அனுப்பிய மீதிப் பக்கத்தில் அவன் அதைத் தடவிப் பார்த்து அழுகிறான், அவ்வளவுதான். ஆனால் அது மூத்தோருக்கான சலுகை அட்டை. பெயரும் படமும் போட்டது, வேறொருவர் பயன்படுத்தக் கூடாது. ஒருநாள் அவன் அதைத் தட்டிவிட்டு உள்ளே போகிறான் என்று வையுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கவா, அம்மாவை இன்னொரு தடவை பேருந்தில் ஏற்றவா? அவனுக்கே தெரியாது. அட்டைப் பரிசோதகர் ஏறுகிறார். இப்போது அவன் வாயைத் திறந்து ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். துக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுத வேண்டாம்.

கேள்வி (மாணவி, தொடக்கக்கல்லூரி): பாத்திரங்கள் பேசும்போது ஆங்கிலமும் மலாயும் கலந்துதானே பேசுவார்கள்? அப்படி எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்கிறார்கள்.

கதை சொல்கிறவரின் தமிழ் உங்கள் பொறுப்பு, அதில் சமரசம் வேண்டாம். பாத்திரத்தின் பேச்சு பாத்திரத்தின் பொறுப்பு. கோப்பிக்கடையில் "அங்கிள், கோப்பி ஓ கோசோங் ஒண்ணு" என்று கேட்கிறவரை "ஐயா, சர்க்கரையில்லாக் கருங்காப்பி" என்று கேட்கவைத்தால் கடைக்காரருக்கே சிரிப்பு வரும். அளவு முக்கியம். பேச்சை ஒலிப்பதிவு செய்ததுபோல் வாக்கியக் கடைசியில் வரும் எல்லா 'லா'வையும் இறக்கிவைக்காதீர்கள். யார் யாரிடம் எப்போது மொழி மாறுகிறார்கள் என்று கவனியுங்கள். அப்பா திட்டும்போது ஆங்கிலத்துக்குத் தாவுகிறாரா, மகள் காசு கேட்கும்போது மட்டும் தமிழுக்கு வருகிறாளா என்பதெல்லாம் கதைக்குள் வர வேண்டிய செய்தி.

கேள்வி (ஓய்வுபெற்றவர், ஆங் மோ கியோ): யாரைப் படித்து வளர வேண்டும்? இங்கே அப்படிப் பெரிய மரபு இருக்கிறதா என்ன?

இருக்கிறது ஐயா. 1887இல் இங்கே 'சிங்கைநேசன்' வார இதழ் வந்துவிட்டது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு 1888இல் எழுதிய 'வினோத சம்பாஷணை'யைத்தான் இவ்வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர்கள் பலர் சுட்டுகிறார்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்னும் வருகிறது. 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். செய்தித்தாளிலேயே எழுத்துப் பயிற்சி! இப்போது நாம் கட்டணம் கட்டிப் போகும் பயிலரங்குகளுக்கு எவ்வளவோ முன்னால்.

பி. கிருஷ்ணன், மா. இளங்கண்ணன், ராம. கண்ணபிரான் மூவரிடமிருந்து தொடங்கலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனால் புத்தகமாகவே புரட்டலாம். நடக்க முடியாவிட்டால், நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். படிக்கும்போது கம்போங் (அந்தக் காலக் கிராமக் குடியிருப்பு) எப்படி இருந்தது என்று மட்டும் பார்க்காமல், கதையை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: தங்க முனை விருதுக்கு எழுதுவது நல்லதா? போட்டி எழுத்து கெடுத்துவிடாதா?

கெடு தேதி இருப்பது நல்லது, அது ஒன்றே போதும். தேசியக் கலைகள் மன்றம் 1993இல் தொடங்கிய போட்டி இது, நான்கு மொழிகளுக்கும் உண்டு, இதுவரை வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும். ஆகவே லைக்குக்கு ஆசைப்பட்டு முகநூலில் போட்டுவிட்டு அதையே அனுப்பாதீர்கள். நடுவருக்குப் பிடிக்கும் என்று வெளிநாட்டு ஊழியர், முதியோர் இல்லம், பணிப்பெண் மூன்றையும் ஒரே கதையில் திணிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

கேள்வி (பொங்கோல்): எழுத்தாளர் கூட்டத்தில் என் கதையை எல்லாரும் "அருமை" என்றார்கள். ஆனாலும் எனக்கே திருப்தி இல்லை.

உங்கள் காதுக்கு நன்றி சொல்லுங்கள். ஊர் சின்னது, நாளைக்கு அவர்கள் நூல் வெளியீட்டுக்கு நீங்கள் போக வேண்டும், அதனால் "அருமை" மலிவாகக் கிடைக்கும். தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம், வாசகர் வட்டம் போன்ற இடங்களுக்குப் போவதை நிறுத்தாதீர்கள், அங்கேதான் ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் எழுதாத வாசகர் ஒருவரைத் தனியே தேடிப் பிடியுங்கள். எனக்கு என் மாமியார். "நல்லாருக்கு" என்று நடுவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், அந்தப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: என் நாத்தனார், தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று பேச்சையே நிறுத்திவிட்டார்!

பெயரையும் பேட்டையையும் மாற்றினால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். உறவுக்காரர்கள் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை, சண்டையை வைத்துத்தான் காண்பார்கள். நடந்த செயலை வைத்துக்கொண்டு அதன் காரணத்தை மாற்றிவிடுங்கள். நகைக்காக நடந்தது கதையில் பயத்தால் நடக்கட்டும், ஆள் வேறாகிவிடும், பெரும்பாலும் கதையும் மேலாகும். நாத்தனாருக்குத் தீபாவளிப் பலகாரத்தோடு நேரில் போய்ப் பாருங்கள். கதையைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள்.

கேள்வி: இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று எழுதுகிறீர்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், பத்தாண்டுக்கு முன்பு அது இதைவிட அதிகம். ஆகவே சில நூறு படிகள்தான் அச்சிடுகிறோம். வெளியீட்டு விழாவில் மொய் எழுதுவதுபோல் உறை கொடுத்து வாங்கிப் போவார்கள், பலர் பிரிப்பதே இல்லை. இது தெரிந்துதான் எழுதுகிறேன். கூட்டம் பெரிதாக இருந்தால் விளக்கம் கூட்ட வேண்டியிருக்கும். இங்கே வாசகருக்குச் சலுகை அட்டை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: முதல் தொகுப்பை நானே வெளியிடப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பிழை திருத்துநருக்குக் காசு கொடுங்கள், அட்டைப்படத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்குத் தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். புத்தகம் வந்ததும் இரண்டு படிகளை அதே வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டம், நான்கு வாரம்தான் அவகாசம். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போதே அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.