டொரண்ட்: எடுக்கும்போதே கொடுக்கிறோம்

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் ஒருவருக்கொருவர் கோப்புகளைப் பகிரும் முறையான டொரண்ட் பற்றிக் கடைக்கு வருபவர்கள் கேட்டவற்றில் சில.

தலவாக்கலை, உயர்தர மாணவி: அண்ணா, ஒரே ஒரு படம்தான் இறக்கினேன். மாத டேட்டா நாலு நாளில் முடிந்துவிட்டது. எப்படி?

படம் இறங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள் தங்கச்சி. டொரண்டில் கோப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. அதை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வரும். வந்த துண்டை உங்கள் லெப்டொப் அப்போதே இன்னொருவருக்கு அனுப்பத் தொடங்கும். 2001இல் பிராம் கோஹன் இதை உருவாக்கியதே அந்த யோசனையில்தான். படம் முழுதாக இறங்கிய பிறகும் அனுப்புதல் நிற்காது. ஜன்னலை மூடினாலும் டொரண்ட் மென்பொருள் திரையில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஐகனாக ஓடிக்கொண்டிருக்கும். அதை வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். அப்லோட் வேகத்துக்கும் வரம்பு போடலாம். ஆனால் 0 என்று போட்டுவிடாதீர்கள், பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு 'வரம்பே இல்லை' என்று அர்த்தம்!

பண்டாரவளை, ஆசிரியர்: கிரேக் செய்த போட்டோஷொப் இறக்கினேன். வைரஸ் கார்டை நிறுத்திவிட்டுப் போடச் சொல்கிறது. நிறுத்தலாமா?

வேண்டாம் சேர். திருடன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிற கதை இது. கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் இப்படித்தான் நிறுத்தினார். மறுநாள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து, ஒன்றும் திறக்கவில்லை. கூடவே ஒரு கடிதம்: 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் 490. ஸ்டொப் டிஜேவு என்ற ரென்சம்வெயார் அது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். கிரேக்குகளோடு, அதாவது காசு கொடுக்காமல் பாவிக்கப் பூட்டுடைத்த மென்பொருள்களோடு, ஒட்டிக்கொண்டு வருவதில் பேர்போனது. பதறிப்போய் பெக்கப் ஹார்ட் டிஸ்கையும் செருகினார், அதுவும் போயிற்று. மணமக்களுக்கு என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

நானுஓயா: படம் என்று இறக்கினால் 2 எம்பிதான் இருக்கிறது. திறக்கலாமா?

அழித்துவிடுங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருக்கும். அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் 'இஎக்ஸ்இ' என்றிருக்கும். அப்படியென்றால் அது படமல்ல, திறந்ததும் ஓடத் தொடங்கும் மென்பொருள்.

பதுளை: ஒவ்வொரு துண்டையும் மென்பொருளே சரிபார்க்கிறதே, பிறகென்ன பயம்?

பகிர்ந்தவர் வைத்த கோப்பு அப்படியே வந்ததா என்றுதான் அது பார்க்கும். அவர் விஷத்தை வைத்திருந்தால் விஷம் சிந்தாமல் சிதறாமல் வந்து சேரும். மென்பொருளை எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆனால் அதுவும் முழுப் பாதுகாப்பில்லை: 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டொரண்ட் மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே, மெக் கணினிக்கான பதிப்பில், ரென்சம்வெயார் கலந்துவிட்டது.

மஸ்கெலியா: நான் இறக்குவது யாருக்காவது தெரியுமா?

அதே கோப்பை அந்நேரம் பகிரும் எல்லோருக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், தெரியும். புதுப் படமென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. டொரண்ட் என்றாலே குற்றம் என்றில்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச உபுண்டுவை அதன் தளமே டொரண்டாகத் தருகிறது. இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததும் மறக்காமல் நிறுத்துங்கள்.