ரயில் மீது கல் வந்தால் சங்கிலியை இழுக்கலாமா?

கேள்வி: என் மகள் பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயிலில் போய்வருகிறாள். போன வாரம் வெளியிலிருந்து யாரோ எறிந்த கல், ஜன்னலோரம் இருந்த பெண்ணின் நெற்றியைக் கிழித்துவிட்டது. சங்கிலியை இழுப்பதா வேண்டாமா என்று எல்லோரும் தடுமாறியிருக்கிறார்கள். யாரும் புகாரும் கொடுக்கவில்லையாம். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: சங்கிலியை இழுக்காமல் இருந்ததே நல்லது. காயம் பட்டவருக்காக இழுத்தால் குற்றமில்லை. தக்க காரணமின்றி இழுப்பதைத்தான் ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவு தண்டிக்கிறது. ஆனால் வண்டி நிற்கப்போவது கல் வந்த இடத்துக்குப் பக்கத்தில். பதறி இறங்குபவர்கள் அடுத்த தண்டவாளத்தில் வரும் வண்டியைப் பார்ப்பதில்லை. கடற்கரை - தாம்பரம் தடத்தில் 18 நிலையங்கள் இருக்கின்றன. சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். அங்கே ஊழியர்கள் இருப்பார்கள், 108 வண்டியும் வர முடியும்.

அதுவரை சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கண்ணில் பட்டிருந்தால் மட்டும் அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஒரு காகிதக் குவளையைக் கண்மேல் கவிழ்த்துப் பிடித்தபடி கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது, புகார் கொடுக்காமல் விட்டதுதான். கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் ரோந்து போட முடியும். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து நேரம், எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே, வண்டி போகும் திசையில் இடமா வலமா என்று சொல்லுங்கள். மின்கம்பிகளைத் தாங்கும் கம்பங்களில் எண் எழுதியிருக்கும்: முதலில் கிலோமீட்டர், அடுத்தது கம்பத்தின் வரிசை எண். அது கண்ணில் பட்டால் அதைவிடத் துல்லியமான அடையாளம் வேறில்லை. ஓடும் வண்டியில் படிக்க முடியாவிட்டால், அந்த நொடியில் கைபேசி காட்டும் இருப்பிடத்தைச் சேமித்து வையுங்கள்.

காயம் பட்டிருந்தால் தமிழ்நாடு ரயில்வே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்பலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். ஆபத்து விளையும் என்று தெரிந்தே ரயில் மீது கல் எறிவதற்கு, ரயில்வே சட்டத்தின் 152-வது பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை உண்டு.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். கல் வந்த பகுதி நெருங்கும்போது ஷட்டரை இறக்கிவிடட்டும். படியோரம் நிற்கவே வேண்டாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் படியிலிருந்து தலையை நீட்டியிருப்பவர் முகத்தில், எதிரே சும்மா தூக்கிப் போட்ட கல்கூட எட்டு மாடி உயரத்திலிருந்து விழுந்த கல்லின் வேகத்தில் மோதும்.

எறிவது பெரும்பாலும் தண்டவாளத்தோரம் விளையாடும் சிறுவர்களாக இருக்கலாம். படம் எடுத்திருந்தால் காவல்துறையிடம் மட்டும் கொடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்றால் அடையாளம் தெரியும்படி வாட்ஸ்அப்பில் பரப்புவது சட்டப்படி குற்றம்.