பணம் போயாச்சு, ஆர்டர் எங்கே?

கேள்வி: எங்கள் இணையக் கடையில் பணம் கட்டி முடித்ததும், பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே எங்கள் 'நன்றி' பக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பக்கம் திறந்தவுடன் ஆர்டரைப் 'பணம் வந்தது' என்று மாற்றுகிறேன். சிலருக்குப் பணம் பிடித்த பிறகும் ஆர்டர் அப்படியே நிற்கிறது. ஏன் சார்?

பதில்: அந்தப் பக்கம் திறந்தால்தானே மாறும்? வங்கியின் திரையில் 'முடிந்தது' என்று பார்த்ததுமே பலர் டேப்பை மூடிவிடுவார்கள். சிலருக்கு அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விடும். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பணமே கட்டாத ஒருவர் அந்த முகவரியை ஆர்டர் எண்ணோடு தட்டினால், உங்கள் நிரல் நம்பிவிடும். ரீடைரக்ட், அதாவது இப்படித் திருப்பி அனுப்புவது, ஆளைத் திரும்பக் கூட்டி வருவதற்கு மட்டும்தான். பணம் வந்த செய்தியை கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேராகச் சொல்ல வேண்டும். அதுதான் வெப்ஹுக். இல்லையென்றால் நீங்களே ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வெப்ஹுக் முகவரி தெரிந்தால் அதற்கும் பொய்ச் செய்தி அனுப்பலாமே?

பதில்: தாராளமாக அனுப்பலாம். அதனால்தான் செய்தியோடு வரும் கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியைக் கொண்டு, பெரும்பாலும் எச்மேக் (HMAC) முறையில், செய்தியிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். நீங்களும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செய்தி வரும் ஜேசன் வடிவத்தைப் பிரித்து, மறுபடி சேர்த்து, அதன்மேல் கணக்கிடுவார்கள். ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. வந்த பைட்டுகளை அப்படியே எடுங்கள். அப்புறம், கையொப்பம் சரி என்பதாலேயே தொகையும் சரி என்று ஆகிவிடாது. தொகை, நாணயம், ஆர்டர் எண் மூன்றையும் உங்கள் டேட்டாபேஸில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பணம் கட்டித் திரும்புகிறவர்கள் லாக்அவுட் ஆகிவிடுகிறார்கள். நான் சோதித்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: உங்கள் கேட்வே போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்புவது போல) திருப்பி அனுப்புகிறதா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2020-ல் குரோம் 80 வந்ததிலிருந்து, சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்ற அமைப்பு) குறிப்பிடாத குக்கியை, அதாவது லாகினை நினைவில் வைக்கும் சிறு குறிப்பை, அந்த பிரவுசர் 'லாக்ஸ்' (Lax) என்று எடுத்துக்கொள்கிறது. லாக்ஸ் குக்கி இன்னொரு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு வராது. ஆனால் சேம்சைட் குறிப்பிடாத குக்கியைப் போட்டு 2 நிமிடம் ஆகவில்லை என்றால் குரோம் சலுகை காட்டி அனுப்பிவிடும். நீங்கள் லாகின் செய்த கையோடு பணம் கட்டி முடித்துவிடுகிறீர்கள். வாடிக்கையாளர் ஓடிபிக்குக் காத்திருந்து மெதுவாக வருகிறார். வித்தியாசம் அதுதான்.

இதோடு நின்றாலாவது பரவாயில்லை. குக்கி வராததைப் பார்த்த உங்கள் சர்வர் 'புது ஆள்' என்று நினைத்துப் புது செஷன் குக்கி ஒன்றைப் போடும். அது பழைய குக்கியின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே, திரும்பி வரும் அந்த முகவரியில் மட்டும் செஷனைத் தொடாதீர்கள். ஆர்டர் எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் தளத்தின் சாதாரண கெட் (முகவரியைத் திறக்கும் முறை) பக்கத்துக்குத் தானாக நகரும் சின்னப் பக்கம் ஒன்றைக் காட்டினால் போதும். அந்த நகர்வு உங்கள் தளத்துக்குள்ளேயே நடப்பதால் குக்கி வந்துவிடும். சேம்சைட்டை 'நன்' (None, தடை இல்லை) என்று திறந்துவிடுவதும் வேலை செய்யும்தான். ஒரு பக்கத்துக்காக வீட்டுக் கதவு முழுவதையும் திறப்பானேன் என்பது என் கட்சி.

கேள்வி: ஒரே பணத்துக்கு வெப்ஹுக் இரண்டு முறை வந்து, இரண்டு ரசீது போய்விட்டது. கேட்வேயின் பிழைதானே?

பதில்: இல்லை, அது அப்படித்தான் வரும். உங்களிடமிருந்து 200 ('சரி, கிடைத்தது') என்ற பதில் உரிய நேரத்தில் வராவிட்டால் மறுபடி அனுப்புவார்கள். ஸ்ட்ரைப் என்ற கேட்வே 3 நாள் வரை விடாமல் முயலும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பி, பிடிஎஃப் தயாரித்து, அதற்குப் பிறகு பதில் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. செய்தியைச் சேமித்ததும் 200 சொல்லிவிடுங்கள், மற்ற வேலைகள் வரிசையில் நிற்கட்டும். நிகழ்வின் ஐடிக்கு டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டாம் முறை நுழையாது) போடுங்கள். 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று நிரலில் பார்ப்பது மட்டும் போதாது, இரண்டு செய்திகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைப் பார்க்கும்.

கேள்வி: 'பணம் திரும்பியது' முதலிலும் 'பணம் வந்தது' பின்னாலும் வருமா?

பதில்: வரும். வந்த வரிசையை நம்பாமல், தற்போதைய நிலையை ஏபிஐயில் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: எல்லா வெப்ஹுக்கும் 403 ('அனுமதி இல்லை') என்று திரும்புகிறது.

பதில்: உங்கள் சிஎஸ்ஆர்எஃப் தடுப்பாக (உங்கள் பக்கம் தந்த டோக்கன் இல்லாத கோரிக்கையை மறுக்கும் காவல்) இருக்கலாம். கேட்வேயிடம் அந்த டோக்கன் கிடையாது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், காவலுக்குக் கையொப்பம் இருக்கிறது.

கேள்வி: ஆள் திரும்பி வந்துவிட்டார், வெப்ஹுக் இன்னும் வரவில்லை. திரையில் என்ன காட்டுவது?

பதில்: 'தோல்வி' என்று மட்டும் காட்டாதீர்கள். பயந்து மறுபடியும் பணம் கட்டிவிடுவார். 'உறுதி செய்துகொண்டிருக்கிறோம்' என்று காட்டி, சில நொடிக்கு ஒருமுறை நிலையைக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் தெரியவில்லை என்றால் 'மின்னஞ்சலில் சொல்கிறோம்' என்று அவரை விட்டுவிடுங்கள். பாதியில் நிற்கும் ஆர்டர்களை எடுத்து கேட்வேயிடம் ஒவ்வொன்றாக விசாரிக்கும் நிரல் ஒன்று பின்னணியில் ஓடட்டும். வெப்ஹுக் வழியில் தொலைந்துபோனாலும் அது பிடித்துவிடும்.